கத்தியும் சிம்பொனியும்: முதல் பரிசோதனைக் குறும்படம் எடுக்கப் போகிறவருக்கு

1929 ஜூனில் பாரிஸின் ஸ்டூடியோ தே உர்சுலின் என்ற சிறிய திரையரங்கில் ‘ஆந்தலூசிய நாய்’ முதன்முறையாகத் திரையிடப்பட்டபோது, அதன் இயக்குநர் லூயிஸ் புனுவேல் பார்வையாளர்களோடு உட்காரவில்லை. திரைக்குப் பின்னால் ஒரு கிராமஃபோனை வைத்துக்கொண்டு நின்றார். ஓவியர் சல்வடார் டாலியுடன் சேர்ந்து அவர் எழுதிய அந்தப் படம் ஊமைப்படம். ஒரு பெண்ணின் கண்ணைச் சவரக்கத்தி கிழிக்கும் காட்சியோடு தொடங்கும் அதற்கு, ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ‘டிரிஸ்டனும் இசோல்டேயும்’ என்ற ஓபராவின் இசைத்தட்டையும் அர்ஜென்டீன டாங்கோ இசைத்தட்டுகளையும் அவர் மாற்றி மாற்றிப் போட்டார். கூட்டம் கொதித்தெழுந்தால் எறிவதற்காகச் சட்டைப்பைகளில் கற்களை நிரப்பி வைத்திருந்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கூட்டமோ கைதட்டியது, கற்களுக்கு வேலை வரவில்லை. 1960இல் படத்துக்கு நிரந்தரமான ஒலித்தடம் சேர்க்கப்பட்டபோதும் வாக்னரும் டாங்கோவுமே இடம்பெற்றன.

அந்த ஒலித்தடத்தோடு படத்தைப் பார்க்கும் புதியவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவரக்கத்தி வரும் தொடக்கக் காட்சியில் ஒலிப்பது வாக்னர் அல்ல, டாங்கோ. மிகக் கொடிய காட்சிக்கு மிகக் கனமான இசை என்ற கணக்கை முதல் படத்தில் நாம் எல்லோரும் போடுகிறோம். புனுவேல் அதைப் போடவில்லை. கைப்பேசிக் கேமராவையும் இலவசப் படத்தொகுப்பு மென்பொருளையும் வைத்துக்கொண்டு மூன்று முதல் ஆறு நிமிடங்களுக்குள் ஒரு பரிசோதனைக் குறும்படம் எடுக்க நினைப்பவர், அந்தக் கணக்கிலிருந்து வெளியே வருவதற்கான வேலைமுறையைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

நானும் அந்தக் கணக்கைப் போட்டவன்தான். என் முதல் படத்தில், மின்கம்பத்தின் அடியில் செத்துக் கிடந்த ஒரு காக்கையை நான்கு நிமிடம் நெருக்கத்தில் காட்டி, அதன்மேல் மொசார்ட்டின் ‘ரெக்வியம்’ என்ற இறந்தோருக்கான வழிபாட்டு இசையிலிருந்து ‘லாக்ரிமோசா’ பகுதியை முழுதாக ஓடவிட்டேன். ஒரு சிறிய அறையில் முப்பது பேருக்குத் திரையிட்டபோது, கூட்டுக்குரல் உச்சத்துக்கு ஏறிய இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார். அந்தச் சிரிப்பு முன்வரிசை வரை பரவியது. நான் பல வாரங்கள் அவர்கள்மீது கோபமாக இருந்தேன். பிறகு படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. காக்கை என்ன ஆயிற்று என்று பார்வையாளருக்குத் தோன்றும் முன்பே ‘இது மாபெரும் துக்கம்’ என்று இசை அறிவித்துவிட்டிருந்தது. காட்சிக்காக இசை சாட்சி சொல்ல வந்தால் பார்வையாளர் உடனே சந்தேகப்படத் தொடங்கிவிடுவார்.

முதல் படி: எது தொந்தரவு செய்கிறது என்று கண்டுபிடித்தல்

அருவருப்பு வேறு, நிலைகுலைவு வேறு. அருவருப்பு முகத்தைத் திருப்பவைத்து அதோடு முடிந்துபோகும். நிலைகுலைவு, முகத்தைத் திருப்பிய பிறகும் அந்தக் காட்சியை மனத்துக்குள் ஓடவைக்கும். கண்ணைக் கிழிக்கும் காட்சியையே பிரித்துப் பாருங்கள். முழு நிலாவின் குறுக்கே மெலிந்த மேகம் ஒன்று கடந்து போகிறது. அதே கோட்டில் கத்தி கடந்து போகிறது. உண்மையில் கிழிபடுவது செத்த கன்றுக்குட்டியின் கண். அந்தத் துண்டுக் காட்சி ஒருசில நொடிகளே நீடிக்கிறது. நிலாவும் மேகமும் நம் கண்ணை ஏற்கெனவே அந்த அசைவுக்குப் பழக்கிவிட்டதால், கத்தி வரும்போது நாமே அதை ஓட்டி முடிப்பதுபோல் ஆகிவிடுகிறது. பார்வையாளரைக் குலைப்பது இரத்தத்தின் அளவு அல்ல, அந்த உடந்தை.

இரத்தமே இல்லாமலும் இது நடக்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் யான் ஷ்வாங்க்மாயர் 1965இல் இசையமைப்பாளர் பாக்கின் ஜி மைனர் ஃபான்டசியா என்ற ஆர்கன் இசைக்கு எடுத்த, சுமார் பத்து நிமிடக் கறுப்பு வெள்ளைப் படத்தில் காரை பெயர்ந்த சுவர்கள், துருப்பிடித்த பூட்டுகள், தாமே திறக்கும் துளைகள் ஆகியவைதாம் பெரும்பாலும் வருகின்றன. ஆர்கன் இசை ஏறி இறங்க, சுவரில் ஏதோ உயிருள்ள நோய் பரவுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. புதியவர் முதலில் பார்க்க வேண்டிய படம் எது என்று என்னைக் கேட்டால், புனுவேலுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் இதை எடுப்பதற்குப் பழைய வீடும் பொறுமையும் போதும்.

வேலையை இப்படித் தொடங்குங்கள். உங்களைத் தொந்தரவு செய்த பத்துக் காட்சிகளை ஒரு தாளில் எழுதுங்கள். வேறு படங்களில் பார்த்தவற்றை அடித்துவிடுங்கள். எஞ்சியவற்றில், ஏன் தொந்தரவு செய்கிறது என்று ஒரே வரியில் விளக்க முடிந்தவற்றையும் அடித்துவிடுங்கள். புனுவேலும் டாலியும் திரைக்கதை எழுதியபோது பகுத்தறிவால் விளக்கக்கூடிய எந்தப் படிமத்தையும் ஏற்பதில்லை என்ற ஒரே விதியைத்தான் வைத்துக்கொண்டார்கள். பத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். முதல் படத்துக்கு அது போதும்.

நிறத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. ஜார்ஜ் ஃபிராஞ்சு 1949இல் பாரிஸின் இறைச்சிக்கூடங்களில் எடுத்த ஆவணப்படம் கறுப்பு வெள்ளை. அதில் இரத்தம் சிவப்பாக அல்லாமல் தரையில் ஓடும் கரிய வடிவமாகவும், குளிர்காலக் காலையில் அதிலிருந்து எழும் ஆவியாகவும் தெரிகிறது. சிவப்பை நீக்கினால் அருவருப்பு ஒரு படி இறங்கி, வடிவம் ஒரு படி ஏறும். கறுப்பு வெள்ளையில் இரத்தத்துக்கு சாக்லேட் பாகு போதும் என்பது திரைத்துறையில் பழைய செய்தி.

இரண்டாம் படி: இசையின்றி எடுத்து, ஒலியின்றித் தொகுத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் இசையை முதலில் தேர்ந்தெடுத்து, அதைக் கேட்டுக்கொண்டே படம் பிடிக்கிறார்கள். இதை நான் உறுதியாக மறுக்கிறேன். பிடித்த இசையைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்தால் தெருவில் கிடக்கும் செருப்பும் காவியமாகத்தான் தெரியும்.

ஸ்டான் பிராக்கேஜ் 1971இல் பிட்ஸ்பர்க் பிணவறையில் உடற்கூறாய்வுகளைப் படம் பிடித்தார். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்தப் படத்தில் ஒலியே இல்லை. மண்டையோட்டிலிருந்து முகத்தோல் உரித்து மடிக்கப்படும்போது, பார்வையாளருக்குத் தம் மூச்சொலியையும் அறையின் மின்விசிறியையும் தவிரப் பற்றிக்கொள்ள வேறெதுவும் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் எந்த இசை வந்தாலும் அது ஒரு கைப்பிடியாக மாறியிருக்கும். ஆகவே உங்கள் முதல் தொகுப்பை ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டு முடியுங்கள். அடுத்த நாள் காலையில் அதே அமைதியில் ஒருமுறை பாருங்கள். எந்தெந்த இடத்தில் சலிப்பு வருகிறதோ அந்த இடங்களை வெட்டுங்கள்; அங்கே இசை போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். சில படங்கள் இந்தப் படியோடு முடிந்துவிடும், அவற்றுக்கு இசை தேவையில்லை என்று தெரிந்துவிடும். அது தோல்வி அல்ல.

ஆனால் படப்பிடிப்பின்போது அந்த இடத்தின் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கத்தி பலகையில் படும் ஓசை, ஈயின் ரீங்காரம், தண்ணீர் சொட்டுவது ஆகியவை பின்னால் தங்கத்துக்குச் சமமாகும்.

மூன்றாம் படி: இசைக்கும் காட்சிக்கும் என்ன உறவு என்று தீர்மானித்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பேசும் படம் வந்த புதிதில், 1928இல், சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்திரோவ் மூவரும் வெளியிட்ட அறிக்கை, ஒலி காட்சியோடு ஒட்டிக்கொண்டு அதையே திரும்பச் சொன்னால் படத்தொகுப்பின் வலிமை அழிந்துவிடும் என்றும், ஒலியைக் காட்சிக்கு எதிர்நிலையில் நிறுத்த வேண்டும் என்றும் வாதாடியது. பிற்காலத்தில் பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் மிஷேல் ஷியோன் இன்னொரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார். காட்சியின் உணர்ச்சியில் பங்கெடுக்கும் இசை ஒன்று. காட்சியில் என்ன நடந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் இசை இன்னொன்று. ஒருவர் கொலையுண்டு கிடக்க, அறையிலுள்ள வானொலி மகிழ்ச்சியாகப் பாடிக்கொண்டே இருக்கும் காட்சியை நினைத்துப் பார்த்தால் இரண்டாவது வகை உடனே விளங்கும்.

எதிர்நிலையும் அலட்சியமும் ஒன்றல்ல என்பதைப் புதியவர் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிணத்தின்மேல் குதூகலமான வால்ட்ஸ் இசையைப் போடுவது எதிர்நிலை. ‘நான் முரணாக ஒன்று செய்கிறேன், பாருங்கள்’ என்று இயக்குநர் தோளைத் தட்டிச் சொல்வது அதில் கேட்டுவிடும். ஒருமுறை வேலை செய்யும், இரண்டாம் முறை கேலியாகிவிடும். அலட்சியமோ அதிகநேரம் தாங்கும். இசைக்கு ஒரு நடை இருக்கிறது, அது தன் விதிப்படி போகிறது, திரையில் இருப்பவர் யாரென்றே அதற்குத் தெரியாது. உலகம் நம் வலியைப் பொருட்படுத்துவதில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அது சொல்லிவிடுகிறது.

ஸ்பெயினின் ஏழ்மை மிக்க மலைப்பகுதியான லாஸ் உர்தெஸ் பற்றிப் புனுவேல் 1933இல் படம்பிடித்த சுமார் அரை மணி நேர ஆவணப்படத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவேன். நோயுற்ற குழந்தைகள், பட்டினி, செத்த கழுதை எனக் காட்சிகள் வந்துகொண்டிருக்க, வறண்ட குரலில் விவரணையும், அதன் அடியில் பிராம்ஸின் நான்காம் சிம்பொனியும் ஓடுகின்றன. 1885இல் முதன்முறை அரங்கேறிய அந்த சிம்பொனி ஐரோப்பிய நடுத்தர வர்க்கம் நல்லுடை உடுத்திப் போய்க் கேட்ட இசை. அது இந்த மக்களுக்காக அழவில்லை, இவர்களைக் கேலியும் செய்யவில்லை. வேறெங்கோ, வெல்வெட் இருக்கைகள் உள்ள ஓர் அரங்கில், யாருக்காகவோ வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்தத் தூரம்தான் நம்மைக் குலைக்கிறது.

அமெரிக்காவின் புரூஸ் கானர் 1958இல் செய்த பன்னிரண்டு நிமிடப் படம் வேறு வழியில் போகிறது. அவர் கேமராவையே தொடவில்லை. பழைய செய்திப்படங்களிலிருந்தும் மலிவான படச்சுருள்களிலிருந்தும் கார் பந்தய விபத்துகள், காற்றில் முறுக்கிக்கொண்டு சரியும் பாலம், தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட உடல்கள், அணுகுண்டுக் காளான் ஆகியவற்றை வெட்டி ஒட்டினார். ஒலித்தடத்தில் ஒட்டோரினோ ரெஸ்பிகி 1924இல் எழுதிய ‘ரோமாபுரியின் பைன் மரங்கள்’. ரோமானியப் படை அணிவகுத்து வருவதைச் சித்திரிக்கும் அதன் இறுதிப் பகுதி மேலும் மேலும் ஓங்கி எழ, திரையில் அழிவு தொடர்கிறது. இங்கே இசை அலட்சியமாக இல்லை. வெற்றி முழக்கம் செய்கிறது. நம் கால்விரல்கள் தாளம் போடத் தொடங்கியிருப்பதைக் கவனிக்கும் கணத்தில்தான் வெட்கம் பிடித்துக்கொள்கிறது. இதே இசையை கென்னத் ஆங்கர் அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1947இல், கனவில் அடிபடும் ஓர் இளைஞனைப் பற்றிய தம் குறும்படத்தில் பயன்படுத்தியிருக்கிறார். அதில் நெஞ்சைக் கிழித்துப் பார்த்தால் இதயத்தின் இடத்தில் ஒரு மீட்டர் கருவி இருக்கும். ஒரே இசை, இரண்டு படங்களில் இரண்டு பொருள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இசையைக் கேட்கும் காது யாருடையது என்பதையும் யோசிக்க வேண்டும். 1929இன் பாரிஸ்காரருக்கு வாக்னர் ஒரு கோவில். அதற்குள் கத்தியோடு நுழைந்தால் அதிர்ச்சி. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவருக்கு அது பெரும்பாலும் ‘இங்கிலீஷ் பட மியூசிக்’. புனிதம் இல்லாத இடத்தில் புனிதக்கேடும் இல்லை. அவருடைய காதில் பதிந்திருப்பது கெட்டிமேளமும், முகாரி என்றாலே அழுகை என்ற எண்ணமும், சாவு வீட்டுப் பறையும்தான். நம் செவ்வியல் இசையைப் பயன்படுத்தினால் பொருள் நேரடியாகத் தைக்கும். கூடவே ஒரு சிக்கலும் வரும். கீர்த்தனையை வீணையில் மட்டும் வாசித்தாலும், தெரிந்தவர் காதில் சாகித்தியத்தின் சொற்கள் கேட்டுவிடும். ‘மருகேலரா’ (ஏன் மறைந்திருக்கிறாய்) என்று வீணை வாசிக்க, திரையில் நீங்கள் எதைக் காட்டினாலும் அது இராமனிடம் கேட்ட கேள்வியாகிவிடும். அது வேண்டாமென்றால் ஆலாபனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சொல்லும் இல்லை, தாளமும் இல்லை. படத்தொகுப்பில் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம்.

எந்த இசையைத் தவிர்ப்பது? லாக்ரிமோசா, பீத்தோவனின் ‘நிலவொளி’ சொனாட்டாவின் முதல் பகுதி, எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபேதி, சாமுவேல் பார்பரின் அடாஜியோ ஆகியவை எல்லாம் பார்வையாளர் வேறு ஐம்பது இடங்களில் கேட்டவை. அந்த ஐம்பது இடங்களும் உங்கள் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். (லாக்ரிமோசாவின் முதல் எட்டுத் தாள அளவைகளோடு மொசார்ட்டின் கைப்பிரதி நின்றுவிடுகிறது, 1791இல் அவர் இறந்துபோனார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் காக்கைக்கு அந்த எட்டு அளவைகளே அதிகம்.)

முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் நான் புதியவருக்குப் பரிந்துரைப்பதில்லை. இதற்கு ரசனை சார்ந்த காரணம் இல்லை, ஒலி சார்ந்த காரணம்தான். ஆர்க்கெஸ்ட்ராப் பதிவுக்குள் பெரிய அரங்கின் எதிரொலி கலந்திருக்கும். பத்துக்குப் பத்து அறையில் கைப்பேசியால் எடுத்த காட்சியின்மேல் அந்த எதிரொலியைப் போட்டால், படம் சிறுத்துப்போய் இசையின் விளம்பரம்போல் ஆகிவிடும். தனிச் செல்லோ, தனி வயலின், ஹார்ப்சிகார்ட், நால்வர் கம்பிக்குழு ஆகியவை அறைக்கு அடங்கும். வில் கம்பியில் உரசுவதும் வாசிப்பவர் மூச்சிழுப்பதும் கேட்கும். உடல் சார்ந்த காட்சிக்கு உடல் சார்ந்த ஓசை துணைநிற்கும்.

நான்காம் படி: உரிமை

சலிப்பான வேலை, ஆனால் இதைத் தாண்டாமல் படத்தை வெளியிட முடியாது. ஓர் இசைப்பதிவில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: எழுதிய இசைக்கு ஒன்று, வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கு ஒன்று. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இசைப்படைப்புக்கு இயற்றியவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள், ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டுகள். ஆகவே பாக், பிராம்ஸ், வாக்னர் போன்றோரின் இசை எல்லோருக்கும் பொது. ஆனால் சென்ற ஆண்டு ஒரு நிறுவனம் வெளியிட்ட பிராம்ஸ் பதிவு அந்த நிறுவனத்துடையது. 1960இல் வெளியான பதிவின் உரிமை இந்தியாவில் 2020 முடிவோடு தீர்ந்தது. வேறு நாடுகளில் காலக்கணக்கு வேறு என்பதால், உலகம் முழுதும் தெரியும்படி இணையத்தில் ஏற்றும்போது இந்தக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது.

திகில் என்றதும் பலர் தேடிப்போகும் நவீன இசையமைப்பாளர்களில் பெண்டரெட்ஸ்கி 2020இல்தான் இறந்தார், லிகெட்டி 2006இல், பார்பர் 1981இல். இவர்களின் இசை, யார் வாசித்தாலும், அனுமதிக்கு உட்பட்டது. நம் பக்கத்திலும் அப்படியே: தியாகராஜர் 1847இல் மறைந்தவர், ஆகவே கீர்த்தனைக்குத் தடையில்லை, பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர், ஆகவே 2033 முடியும்வரை அவர் பாடல்களுக்கு உரிமை உண்டு.

இலவசமாகவும் முறையாகவும் கிடைப்பவை இருக்கின்றன. பியானோக் கலைஞர் கிமிகோ இஷிஸாகா வாசித்த பாக்கின் ‘கோல்ட்பர்க்’ மாறுபாடுகள் 2012இல் எந்த நிபந்தனையும் இன்றிப் பொதுவுடைமையாக வெளியிடப்பட்டன. மியூசோபன் தளத்திலும் இத்தகைய பதிவுகள் உண்டு. எதைத் தரவிறக்கினாலும், உரிம விவரம் உள்ள பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். யூடியூபின் தானியங்கிச் சோதனை, நீங்கள் முறையாகப் பெற்ற பதிவையும் ஏதாவதொரு நிறுவனத்தின் பதிவென்று தவறாக அடையாளம் காணக்கூடும். மறுப்புத் தெரிவிக்கும்போது அந்தப் பக்கம்தான் உங்களுக்கு ஆவணம். எல்லாவற்றையும்விட நல்ல வழி, வயலின் கற்கும் ஒரு நண்பரைப் பிடித்து உங்கள் அறையிலேயே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வது. தவறான சுரம் விழுந்தாலும் அதை நீக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: வெட்டும் இடம்

ஒலியின்றி முடித்த தொகுப்பையும் இசையையும் இப்போதுதான் ஒரே டைம்லைனில் வைக்கிறோம். தாளத்துக்கு ஒரு சிறு கணக்கு உண்டு. நொடிக்கு 24 பிரேம் என்றால் 1440ஐ நிமிடத்துக்கு எத்தனை தாளத்தட்டு (பீட்) என்ற எண்ணால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று வரும்: 60 தட்டுக்கு 24 பிரேம், 72 தட்டுக்கு 20, 96 தட்டுக்கு 15. கைப்பேசியில் 30 பிரேமில் எடுத்திருந்தால் 1440க்குப் பதிலாக 1800. ஆனால் செவ்வியல் வாசிப்பு, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவிபோல் நடப்பதில்லை. கலைஞர் மூச்சுவிட்டு, தயங்கி, விரைந்து வாசிப்பார். ஆகவே கணக்கைத் தோராயமாக வைத்துக்கொண்டு, இசையைக் கேட்டபடியே தட்டு விழும் இடங்களில் கையால் மார்க்கர் (அடையாளக்குறி) இடுங்கள்.

மார்க்கர் இட்டதும் எல்லா வெட்டையும் அதன்மேலேயே வைக்கும் ஆசை வரும். அப்படிச் செய்தால் கல்யாண வீடியோவின் வாடை வந்துவிடும். நான் பின்பற்றும் வழக்கம் இது: மென்மையான காட்சிகளைத் தட்டோடு சேர்த்து வெட்டிப் பார்வையாளரைப் பழக்குவேன், தொந்தரவு செய்யும் காட்சியைத் தட்டுக்கு ஏழெட்டுப் பிரேம் முன்னதாகவோ பின்னதாகவோ கொண்டுவருவேன். உடல் ஓரிடத்தில் எதிர்பார்க்க, கண் வேறிடத்தில் அடிவாங்கும்.

இசை எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பது அதைவிட முக்கியம். மேற்கத்தியச் செவ்வியல் இசையின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு முடிவை நோக்கிப் போகிறது. கேட்பவர் இசை கற்காதவராக இருந்தாலும் அந்த முடிவுக்காக அவர் உடல் காத்திருக்கும். ‘டிரிஸ்டனும் இசோல்டேயும்’ தொடக்கத்தில் எழுப்பும் தீராத சுரச்சேர்க்கையை ஏறத்தாழ நான்கு மணி நேரம் இழுத்து, கடைசிப் பக்கத்தில்தான் தீர்த்துவைக்கிறது. உங்களிடம் நான்கு நிமிடம்தான் இருக்கிறது. ஆனாலும் இதே காத்திருப்பைப் பயன்படுத்தலாம். முடிவுச் சுரம் விழ வேண்டிய இடத்துக்கு ஒரு நொடி முன்னால் இசையை வெட்டிவிட்டு, ஈயின் ரீங்காரத்தை மட்டும் பத்து நொடி விடுங்கள். மெல்ல மெல்ல ஒலியைக் குறைத்து முடிக்கும் வழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். அது பார்வையாளரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கும்.

ஒலி அளவைச் சரிபார்ப்பதில் புதியவர்கள் ஏமாறுவது சகஜம். செவ்வியல் இசையில் மிக மெல்லிய இடத்துக்கும் மிக உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளி பெரிது. ஹெட்ஃபோனில் அழகாகக் கேட்ட தாழ்ந்த செல்லோ, கைப்பேசியின் ஸ்பீக்கரில் காணாமற்போகும். உச்சத்தில் அதே ஸ்பீக்கர் கரகரக்கும். முடித்த படத்தைக் கைப்பேசியிலும், மின்விசிறி ஓடும் அறையில் ஒரு தொலைக்காட்சியிலும் போட்டுக் கேட்ட பிறகே அளவுகளை இறுதி செய்யுங்கள்.

ஆறாம் படி: திரைக்கு முன்னும் பின்னும் உள்ள உயிர்கள்

லாஸ் உர்தெஸ் படத்தில் மலைச்சரிவிலிருந்து ஓர் ஆடு தவறி விழுவதாக விவரணை சொல்கிறது. சட்டகத்தின் ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரிகிறது. படக்குழுவே அதைச் சுட்டிருக்கிறது. அந்தப் படத்தின்மீது எனக்குள்ள மதிப்பை அந்தப் புகை இன்றுவரை குறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உயிருள்ள எதையும் உங்கள் படத்துக்காக வலிக்கச் செய்யாதீர்கள். இந்தியாவில் படப்பிடிப்பில் விலங்குகளைப் பயன்படுத்த விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. முதல் படத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது எளிது. கறிக்கடையில் ஆட்டுத்தலை கிடைக்கிறது, மீன் சந்தையில் செவுளும் குடலும் கிடைக்கின்றன, மாம்பழம் தானே அழுகுகிறது. மனித உடலோ சாவு வீடோ வந்தால் குடும்பத்தாரின் எழுத்துமூலச் சம்மதம் இன்றிக் கேமராவை எடுக்கவே கூடாது. சம்மதம் கிடைத்த பிறகும் ஒருமுறை யோசியுங்கள்.

பார்வையாளருக்கும் இதே கடமை உண்டு. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒளி மின்னும் காட்சி வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் தொடக்கத்தில் எச்சரிக்கை வையுங்கள். கறுப்பு வெள்ளைப் பிரேம்களின் மின்னலாலேயே 1966இல் அரை மணி நேரப் படம் எடுத்த டோனி கான்ராட்கூட முதலில் எச்சரிக்கையைத்தான் காட்டினார். எச்சரிக்கை சொன்னால் அதிர்ச்சி குறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வரப்போவது தெரிந்தும் குலையவைப்பதுதான் நல்ல காட்சி. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று தேவை என்பதும், திரைப்பட விழாக்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெற்றுத் திரையிடுவது வழக்கம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஏழாம் படி: ஐந்து பேருக்குக் காட்டுதல்

நண்பர்களாக இல்லாத ஐந்து பேர் கிடைத்தால் நல்லது. ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருந்தது என்பார்கள். எந்த நொடியில் இசை இருப்பதை உணர்ந்தீர்கள் என்று கேளுங்கள். எந்தக் காட்சியில் திரையிலிருந்து பார்வையைத் திருப்பினீர்கள் என்று கேளுங்கள். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். இசையின் பெயரைச் சொன்னால் இசையை மாற்றுங்கள். காட்சியைச் சொன்னால் விட்டுவிடுங்கள். யாராவது சிரித்தால், எந்த பிரேமில் சிரித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் காக்கைப் படத்தில் அந்தச் சிரிப்பு விழுந்த இடத்திலிருந்து இசையை நீக்கி, முன்னால் இருபது நொடிக்குத் தனி வயலினை மட்டும் வைத்தேன். நான்கு நிமிடம் ஒன்றரை நிமிடமாயிற்று.

முழுப் படத்துக்கு முன் பழகிப்பார்க்க ஒரு நாள் பயிற்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் சந்தையில் மீன் வாங்கி வந்து, சன்னல் வெளிச்சத்தில், முக்காலியில் அசையாமல் வைத்த கேமராவின் முன் அதைக் கழுவி, செதில் நீக்கி, வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்யுங்கள். கையும் கத்தியும் மீனும் மட்டும் சட்டகத்துக்குள் இருக்கட்டும். அதிலிருந்து இரண்டு நிமிடத்தை வெட்டாமல் எடுத்து நான்கு பிரதிகள் செய்யுங்கள். ஒன்றில் ஒலியே வேண்டாம். ஒன்றில் கத்தியின் ஓசை மட்டும். ஒன்றில் கோல்ட்பர்க் மாறுபாடுகளின் தொடக்கப் பகுதி. ஒன்றில் அதே பகுதி, ஆனால் கத்தி வயிற்றுக்குள் இறங்கும் கணத்தில் பாதி வாக்கியத்தில் அறுபட்டு, பதினைந்து நொடி கழித்து, எங்கே நின்றதோ அங்கிருந்தே மீண்டும் தொடங்கட்டும். நான்கையும் வீட்டில் மீன் சமைப்பவர் ஒருவருக்குக் காட்டுங்கள். தினமும் தாம் செய்யும் வேலையை எந்தப் பிரதியில் அவரால் பார்க்க முடியவில்லை என்று கேளுங்கள்.